சம்பந்தியம்மா சொல்லாத கோளாறு

லிஃப்ட்காரர் அடிக்கும் பந்து மேலே போகும். போய்க்கொண்டே இருக்கும். கூட கோல்ஃப் ஆடுகிறவர்கள் அண்ணாந்து, நெற்றியில் கையை வைத்துப் பார்ப்பார்கள். இனி இது இறங்குமா என்று சந்தேகம் வருகிற நேரத்தில், எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல் பந்து அந்தரத்தில் ஒரு கணம் நிற்கும். பிறகு தொப்பென்று நேர்கீழே விழும். எதிர்க்காற்று இருந்தால் கிளம்பிய இடத்தைப் பார்த்துக் கொஞ்சம் திரும்பி வந்துகூட விழும்.

அவருக்குத் தொழில் லிஃப்ட் பராமரிப்பு. சொந்தக் கம்பெனி. ஆஸ்பத்திரி, அடுக்குமாடி, துணிக்கடை என்று எங்கே லிஃப்ட் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். அப்படிப்பட்டவர் அடிக்கும் பந்து உயரே போனால் நண்பர்கள் சும்மா இருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமைகளில் கூட ஆடும் பல் டாக்டர், ஒவ்வொரு அடிக்கும் "மூணாவது மாடி", "அஞ்சாவது மாடி" என்று அறிவிப்பார். ரொம்ப உயரம் போனால் "மொட்டை மாடி, எல்லாரும் இறங்குங்க" என்பார்.

லிஃப்ட்காரர் கூடவே சிரித்துவைப்பார். உள்ளுக்குள் அரிக்கும். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டினாலும் தோளும் கையும் திடமாக இருந்தன. வேகத்துக்குக் குறைச்சல் இல்லை. அவரைவிட மெதுவாக வீசுகிற பல் டாக்டரின் பந்தோ தாழப் பறந்து, இறங்கி, இன்னும் ஏதோ வேலை பாக்கி இருப்பதுபோல் உருண்டுகொண்டே போகும். இது என்ன நியாயம்?

கோளாறு டிரைவரில்தான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். டிரைவர் என்பது முதல் அடிக்கு எடுக்கும் நீள மட்டை. தலை பெரிதாக, பன் மாதிரி உப்பலாக இருக்கும். வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். அவர் மனைவி வங்கி மேனேஜர். கோல்ஃப் பக்கமே போகாதவர். "இவருக்கு டிரைவர் சரியில்ல, அதான் மூஞ்சியே சரியில்ல" என்று தங்கையிடம் போனில் சொன்னார். தங்கை வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த ஒரு நல்ல கார் டிரைவரின் நம்பரை அனுப்பி வைத்தார்.

"நீங்க அடிக்கிற விதத்துல ஏதாவது இருக்குமோ?" என்று மனைவி ஒருநாள் கேட்டார்.

"லிஃப்ட் நின்னா முதல்ல எல்லாரும் உள்ள இருந்த ஆளைத்தான் சொல்லுவாங்க. ரெண்டு பட்டனை ஒண்ணா அமுக்கினார், குதிச்சார்னு. போய்ப் பார்த்தா ஏதாவது ஒரு பார்ட் போயிருக்கும். இத்தனை வருஷமா பாக்கறேன்."

"அப்ப பார்ட்டை மாத்துங்க. சாப்பாடு ஆறுது."

மாற்றிக் கொடுக்க ஆள் குடும்பத்திலேயே இருந்தார். மாப்பிள்ளையின் அம்மா, கோல்ஃப் மைதானத்தை ஒட்டி ஒரு பட்டறை வைத்திருந்தார். ஆடுகிறவரின் உயரம், வேகம் எல்லாம் அளந்து அதற்குத் தகுந்தபடி மட்டைகளைப் பொருத்திக் கொடுக்கும் வேலை. நன்றாக ஆடவும் ஆடுவார். மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார் என்று மைதானம் முழுக்கப் பெயர். லிஃப்ட்காரரிடம் மட்டும் அந்தப் பேச்சு இல்லை. "வாங்க சம்பந்தி, உக்காருங்க சம்பந்தி" என்று குரலையே வேறு சுருதியில் வைத்துக்கொள்வார். கல்யாணம் ஆகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. இரண்டு வீட்டாரும் புதுச் செருப்பு போட்டுக்கொண்டவர்கள் மாதிரி பார்த்துப் பார்த்து நடந்துகொண்டிருந்த சமயம்.

அப்போதுதான் கிளப்பில் குடும்ப ஜோடிப் போட்டி அறிவித்தார்கள். ஒரு ஜோடிக்கு ஒரே பந்து. ஒரு அடி ஒருவர், அடுத்த அடி மற்றவர். மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் உற்சாகமாக ஆரம்பித்தார்: "நானும் இவளும் ஒரு ஜோடி. மாமாவும் அம்மாவும் ஒரு ஜோடி."

எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். சம்பந்தியம்மா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் குடித்தார்.

மறுநாளே லிஃப்ட்காரர் மட்டையோடு பட்டறைக்குப் போனார். நீளமான அறை, ஒரு கோடியில் பச்சைப் பாய், எதிரே தொங்கும் கனத்த திரை. பந்தைத் திரையில் அடித்தால், பக்கத்திலிருக்கும் கருவி அது எவ்வளவு வேகமாகப் போனது, எவ்வளவு சுழன்றது என்று சொல்லிவிடும். சுவரெங்கும் தலையில்லாத மட்டைக் கம்புகள், ஒரு தட்டில் கம்பில்லாத தலைகள்.

அவர் அடித்தார். கருவியில் எண்கள் வந்தன. சம்பந்தியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மறுபடி இறக்கிப் போட்டுப் பார்த்தார்.

"வேகம் நல்லா இருக்கு சம்பந்தி. சுழற்சிதான் கொஞ்சம் கூட. நிமிஷத்துக்கு நாலாயிரத்து முன்னூறு சுத்து. உங்க வேகத்துக்கு ரெண்டாயிரத்து எழுநூறு இருந்தா போதும்."

"அதனாலதான் மேல போகுதா?"

"ஆமா. பந்து பின்பக்கமா சுத்துது இல்லையா, அந்தச் சுத்துதான் தூக்குது. கொஞ்சம் வேணும், இல்லாட்டி பறக்காது. ரொம்ப ஆயிட்டா, முன்னால போக வேண்டிய பலம் எல்லாம் மேல போறதுக்கே செலவாயிடும்."

"அப்ப எந்தப் பார்ட்டு?"

சம்பந்தியம்மா வாயைத் திறந்தார். மூடினார். பிறகு, "மாத்திப் பாக்கலாம்" என்றார்.

மட்டைத் தலையின் அடியில் இருந்த எடையை முன்பக்கம் நகர்த்தினார். பந்தில் படும் முகத்தின் சாய்வைக் கொஞ்சம் குறைத்தார். கம்பை எடுத்துவிட்டு அதைவிட விறைப்பான ஒன்றைப் பொருத்தினார். அதிகம் சுழலாத பந்து ஒரு பெட்டி கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தில் உட்கார்ந்துகொண்டு அதற்குமேல் அசையமாட்டேன் என்றது.

"இப்போதைக்கு இது போதும்" என்றார் சம்பந்தியம்மா, கருவியைப் பார்த்தபடி.

லிஃப்ட்காரருக்குப் பரம திருப்தி. பார்ட்டுதான் என்று அவர் அப்போதே சொல்லவில்லையா?

அந்த வாரமே இருவரும் பழகிப் பார்க்கப் போனார்கள். மாப்பிள்ளையும் மகளும் கூட வந்தார்கள். காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரரின் முதல் பந்து ஏறியது, நின்றது, விழுந்தது. விழுந்த இடம் முழங்கால் உயரப் புல். அடுத்த அடி சம்பந்தியம்மாவுடையது. அவர் புல்லை விலக்கி, பந்தைத் தேடி, வெட்டி வெளியே எடுத்தார்.

"பரவாயில்லைங்க சம்பந்தி. காத்து ஜாஸ்தி."

அடுத்த முறை ஒரு மரத்தடி. "பரவாயில்லைங்க சம்பந்தி." அதற்கடுத்து முள் புதர். "பரவாயில்லைங்க." பிறகு மறுபடி ஒரு புதர். இந்த முறை முதுகை வளைத்து உள்ளே போனவர், சட்டையில் ஒட்டிய விதைகளோடு வெளியே வந்து, "ம்" என்றார்.

லிஃப்ட்காரர் அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து, மட்டையோடு வந்த சின்னச் சாவியை எடுத்தார். சாய்வைக் குறைத்ததில் கொஞ்சம் பலன் தெரிந்தது என்றால், இன்னும் குறைத்தால் இன்னும் பலன் தெரியத்தானே வேண்டும்? திருகாணியைக் கடைசி கோடுவரை திருப்பினார். மறுநாள் பந்து மேலே போனதோடு வலது பக்கமாகவும் வளைந்து போய், கார் நிறுத்தும் இடத்துக் கூரையில் குதித்தது. சாய்வைக் குறைக்கும்போது மட்டையின் முகம் வலப்பக்கம் திறந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. பல் டாக்டருக்கும் தெரியாது. ஆனால் அவர், "இப்ப லிஃப்ட் பக்கவாட்டுலயும் போகுதே" என்றார்.

விஷயம் வெளியே வந்தது ஒரு வியாழக்கிழமை மதியம். ஓர் அடுக்குமாடியின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் சின்ன அறையில் லிஃப்ட்காரர் நின்றுகொண்டிருந்தார். போன் அதிர்ந்தது. இரண்டு வீட்டாரும் சேர்ந்திருக்கும் குடும்பக் குரூப்பில், சம்பந்தியம்மாவிடமிருந்து ஒரு குரல் பதிவு. மோட்டார் சத்தத்துக்காகப் போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார்.

"டேய், உன் மாமனாருக்கு மட்டையில ஒரு கோளாறும் இல்லடா. மனுஷன் விறகு பிளக்கிற மாதிரி மேலேர்ந்து இறக்குறார். பந்து என்ன பண்ணும், பயந்து மேல ஓடுது. நான் எத்தனை நாளைக்கு ஸ்க்ரூவைத் திருகிக்கிட்டு நிக்கறது? வாயைத் தொறந்து சொன்னா மாப்பிள்ளையோட அம்மா அதிகாரம் பண்றாங்கன்னு ஆயிடும். நீ உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அவ அவங்க அம்மாகிட்ட சொல்லட்டும், அவங்க நைசா அவர் காதுல போடட்டும். போட்டிக்குள்ள போடச் சொல்லு. இனிமே என்னால அந்தப் புதருக்குள்ள போக முடியாதுடா."

மகனுக்கு அனுப்ப வேண்டியது. விரல் தவறி குரூப்புக்கு வந்துவிட்டது. அவர் இரண்டாவது தடவை கேட்டு முடித்தபோது பதிவு அழிக்கப்பட்டிருந்தது. குரூப்பில் யாரும் மூச்சு விடவில்லை. கடைசியில் அவர் மனைவியிடமிருந்து ஒரு வரி வந்தது: "என் வேலை மிச்சம்."

லிஃப்ட்காரருக்கு முகம் சூடேறிவிட்டது. விறகு பிளக்கிற மாதிரியா? இத்தனை வருஷமாக, வேகமும் பலமும் சேர்ந்த அடி என்று தான் நினைத்துக்கொண்டிருந்தது விறகு பிளப்பதா? கருவிப் பெட்டியைப் பூட்டிவிட்டு லிஃப்டில் இறங்கினார். உள்ளே ஆளுயரக் கண்ணாடி. யாரும் இல்லை. கையில் நீள ஸ்பேனர் இருந்தது. அதை மட்டைபோல் பிடித்து, மெதுவாகப் பின்னால் தூக்கி, கீழே கொண்டுவந்து பார்த்தார். கண்ணாடியில் இருந்த ஆள் வலது தோளை முன்னால் தள்ளி, எடை முழுவதையும் இடதுகாலில் சாய்த்து, தரையைப் பழிவாங்குவதுபோல் குத்தினான். இன்னொரு தடவை செய்தார். மறுபடி குத்தினான். மூன்றாவது தடவை தூக்கியபோது கதவு திறந்தது. கீழ்த்தளத்தில் காய்கறிப் பையோடு நின்ற பெண்மணி, அவரையும் ஸ்பேனரையும் பார்த்துவிட்டு, "நான் படியிலேயே போறேன்" என்றார்.

மாலையில் அவர் பட்டறைக்குப் போனார். சம்பந்தியம்மா அவரைக் கண்டதும் கையிலிருந்த மட்டைத் தலையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த தலை அது.

"அந்த மெசேஜை அழிச்சிட்டேன் சம்பந்தி."

"அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை கேட்டுட்டேன்."

"ரெண்டு தடவையா?"

"முதல் தடவை கோவத்துல சரியா காதுல விழல."

சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"தப்பா எடுத்துக்கிட்டுத்தான் கிளம்பினேன். வர்ற வழியில லிஃப்ட் கண்ணாடியில பார்த்தேன். விறகுதான் பிளக்கறேன்." அவர் பையிலிருந்து மட்டையை எடுத்தார். "இன்னிக்கு ஒரு நாள் என்னைச் சம்பந்தியா பாக்காதீங்க. பட்டறைக்கு வந்த ஆளுன்னு நினைச்சுக்கோங்க."

"பட்டறைக்கு வர்றவங்ககிட்ட இன்னும் மரியாதையா பேசணுங்க. அவங்கதான் சோறு போடறாங்க."

"அப்ப உங்க பையன்னு நினைச்சுக்கோங்க."

"அவனை நான் எப்படித் திட்டுவேன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரிஞ்சுக்கறேன்."

சம்பந்தியம்மா துணியைக் கீழே வைத்தார். ஒருமுறை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் குரல் பழைய சுருதிக்கு வந்தது.

மட்டை முகத்தில் வெள்ளைப் பவுடரைத் தெளித்து அடிக்கச் சொன்னார். பந்து பட்ட தடம் முகத்தின் கீழ்விளிம்பில் இருந்தது. "பாருங்க. நடுவுக்குக் கொஞ்சம் மேல பட வேண்டியது, அடிமட்டத்துல படுது. அங்க பட்டாலே சுத்து கூடும். மேலேர்ந்து குத்தினா அங்கதான் படும்." பந்தை ஒரு கையிலும் மட்டையை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு காட்டினார். "மட்டை கீழ நோக்கிப் போகுது. அதோட முகம் மேல பாத்துக்கிட்டு இருக்கு. ரெண்டும் ரெண்டு திசை. நடுவுல மாட்டின பந்து வழுக்கிச் சுத்தாம என்ன பண்ணும்? ரெண்டு திசையும் கிட்ட வந்தா சுத்து தன்னால குறையும். மேல ஏறிட்டு இருக்கும்போது அடிக்கணும்."

"எப்படி?"

"முதல்ல டீயை உயரமா வைங்க."

லிஃப்ட்காரர் பாய்க்கு அருகே முக்காலியில் இருந்த தன் தேநீர்க் கோப்பையை எடுத்து அலமாரி மேல் வைத்தார். மட்டை அதில் பட்டுவிடும் என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டார்.

சம்பந்தியம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "பந்துக்கு அடியில இருக்கே, அந்த டீ."

பந்தைத் தாங்கும் அந்தச் சின்னக் குச்சி உயர்ந்தது. பாதிப் பந்து மட்டைத் தலைக்கு மேல் தெரிந்தது. பந்தை இடது குதிகாலுக்கு நேரே தள்ளி வைத்தார்கள். வலது தோளைக் கொஞ்சம் இறக்கி நிற்கச் சொன்னார். பந்துக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி, காலியான பந்துப் பெட்டி ஒன்றை வைத்தார். "இந்தப் பெட்டியில படாம, அதுக்கு மேல மட்டை போகணும்."

முதல் அடியில் பெட்டி திரைவரை பறந்தது. இரண்டாவது பெட்டி இரண்டாகக் கிழிந்தது. சம்பந்தியம்மா அலமாரியைத் திறந்து இன்னொன்று எடுத்தார்.

"தோள் முன்னால வருது. பந்து எங்கயும் ஓடிடாது, அவசரம் எதுக்கு? மறுபடியும். இடதுகாலில சாயாதீங்க. எடை பின்னால இருக்கட்டும். மறுபடியும். அப்படி இல்ல. டேய், தலையை எங்க—"

சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். லிஃப்ட்காரர் மட்டையில் சாய்ந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தளர்ந்த உடம்போடே பந்துக்கு முன் நின்று ஓர் அடி அடித்தார். பெட்டி அசையவில்லை. திரையில் பந்து பட்ட சத்தம் கனமாக, வேறு மாதிரி கேட்டது. எண் மூவாயிரத்து நூறு.

"இப்ப சாய்வைக் கூட்டப்போறேன்" என்று சம்பந்தியம்மா சாவியை எடுத்தார்.

"கூட்டறதா? இன்னும் மேல போயிடாதா?"

"குத்திட்டு இருந்தவரைக்கும் குறைக்க வேண்டியிருந்தது. இப்ப ஏறும்போது அடிக்கறீங்க. சாய்வு பந்தைக் கிளப்பி விடும், சுத்து கூடாது. அதோட கடைசி கோடுவரைக்கும் திருப்பி வச்சது யாரு?"

லிஃப்ட்காரர் கிழிந்த பெட்டியைப் பொறுக்கக் குனிந்தார்.

அதன்பின் போட்டிவரை தினமும் மாலை பெட்டிகள் சாகத்தான் செய்தன. ஆனால் நாளுக்கு நாள் குறைவாக. எண் இரண்டாயிரத்து எண்ணூறுக்கும் மூவாயிரத்துக்கும் நடுவே நின்றது.

போட்டி நாளன்று அவர்களோடு சேர்ந்து ஆடும் ஜோடி பல் டாக்டரும் அவர் மச்சானும். லிஃப்ட்காரர் முதல் பந்துக்கு நின்றார். மேல் நோக்கி அடிக்க வேண்டும், மேல் நோக்கி அடிக்க வேண்டும் என்று நினைத்து அடித்ததில் மட்டை பந்தின் தலையைத்தான் தடவியது. பந்து புல்லில் சோம்பலாக உருண்டு, கூப்பிடு தூரத்தில் நின்றது.

"கிரவுண்ட் ஃப்ளோர்" என்றார் பல் டாக்டர்.

"பரவாயில்லை" என்று சம்பந்தியம்மா சொல்லவில்லை. "ரொம்ப யோசிச்சீங்க" என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து அடித்த அடியில் பாதி நஷ்டத்தை மீட்டார். லிஃப்ட்காரருக்கு அது இதமாக இருந்தது. புகழ்வதற்காகப் பொய் சொல்லமாட்டார் என்று தெரிந்தவரோடு ஆடுவது வேறு மாதிரி இருந்தது.

அவருடைய மூன்றாவது பந்து, நேர் எதிர்க்காற்றில். டீயை உயர்த்தினார், தோளை இறக்கினார், இல்லாத பெட்டியை முன்னால் நினைத்துக்கொண்டார். பந்து கிளம்பியது. ஏறியது. போதுமான உயரம் வந்ததும் அதற்குமேல் ஏறவேண்டும் என்ற ஆசை அதற்கு இல்லை. காற்றைப் பிளந்துகொண்டு போய், சாய்ந்து இறங்கி, குதித்து, உருண்டது. பல் டாக்டரின் பந்தைத் தாண்டி உருண்டது. பல் டாக்டர் அண்ணாந்தே நின்றிருந்தார், பழக்க தோஷம்.

சம்பந்தியம்மா பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "புதர் இல்ல, மரம் இல்ல. இந்த இடத்துலேர்ந்து அடிச்சு எனக்குப் பழக்கமே இல்லையே சம்பந்தி."

எல்லா அடியும் அப்படி இல்லை. இரண்டு மூன்று தடவை பழைய விறகுவெட்டி எட்டிப் பார்த்தான். ஆனாலும் கடைசிக் குழிக்கு வரும்போது அவர்கள் முன்னணி ஜோடிகளில் ஒன்றாக இருந்தார்கள். சம்பந்தியம்மா இரண்டு அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிக் குழியில் போட்டால் போதும். உருட்டினார். பந்து குழியின் விளிம்பைத் தொட்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே நின்றது. மகளும் மாப்பிள்ளையும் அந்த ஒரே அடியில் அவர்களை முந்திக்கொண்டார்கள்.

"சே" என்றார் சம்பந்தியம்மா. "இந்தக் குட்டி தூரம்தான் எனக்கு எப்பவும். மட்டையை மாத்தினேன், பிடியை மாத்தினேன். ஒண்ணும் ஆகல."

லிஃப்ட்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கிளப் வாசலில் எல்லோரும் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி கையை ஆட்டினார்.

"சம்பந்தியம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"பந்தை உருட்டுற நேரத்துல நீங்க கண்ணை மூடிக்கறீங்க."

சம்பந்தியம்மா திரும்பினார். "யாரு, நானா?"

"நீங்கதான். இறுக்க மூடிக்கறீங்க. ஊசி போட வரும்போது மூடுவாங்களே, அப்படி."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"பழகிப் பாத்தோமே, அன்னிக்கே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"பொண்ணு வீட்டுக்காரன். எப்படிங்க சொல்றது?"

சம்பந்தியம்மா லிஃப்ட்காரரை முறைத்தார். பிறகு பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து, பக்கத்தில் இருந்த பழகும் திடலுக்கு நடந்து, குழியிலிருந்து இரண்டு அடி தள்ளிப் போட்டார். "இங்க வந்து எதிர்ல உக்காருங்க. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

லிஃப்ட்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் உருட்டினார்.

"மூடினீங்க."

"இல்லவே இல்ல."

"மூடினீங்க. நான் இங்கதானே இருக்கேன்."

மறுபடி உருட்டினார். "இப்ப?"

"ஒரு கண்ணு."

சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த மகள் பாதி வழியில் நின்று பார்த்துவிட்டு, அத்தையையும் அப்பாவையும் இப்போது கலைப்பதில் பிரயோஜனம் இல்லை என்று திரும்பிப் போனாள். சம்பந்தியம்மா அடுத்த பந்துக்குக் கண்ணை அகல விரித்துக்கொண்டு அடித்தார். வேகம் கொஞ்சம் கூடிப்போய், பந்து குழியைத் தாண்டி, திடலின் சரிவில் இறங்கி ஓடியது. இருவரும் அதன் பின்னாலேயே இறங்கிப் போனார்கள்.